வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தராதீர்கள்!

கொல்லிமலை விதைகள் கற்றுத் தரும் ஆரோக்கியப் பாடம்

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வருகிறது. சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, "போய் மாமிகிட்ட கொடுத்துட்டு வாடா" என்று பையனிடம் நீட்டுகிறீர்கள். அப்போது உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வரும்.

"வெறும் பாத்திரத்தையா திருப்பிக் கொடுக்கறது? ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுடி!"

ஞாபகம் இருக்கிறதா?

இன்று பல வீடுகளில் அந்தக் குரலும் இல்லை, அந்தக் கிண்ணமும் வருவதில்லை. சர்க்கரை தீர்ந்து விட்டால் செல்போனில் ஆர்டர் செய்கிறோம். பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்து விடுகிறது. "பக்கத்து வீட்டுல போய்க் கேட்டா என்ன நினைப்பாங்களோ..." என்ற கூச்சமும் மிச்சம்! பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., இரண்டு வண்டி... வீட்டில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்றால், தயங்காமல் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறதா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

'என்ன இது... ஆரோக்கியப் பத்திரிகையில் அக்கம்பக்கத்துக் கதை?' என்று நினைக்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்து கொள்ள, ஒரு மலை ஏறி வருவோம். பாட்டி சொன்ன அந்த 'வெறும் பாத்திரம்' சட்டத்தை வயற்காட்டிலேயே கடைப்பிடித்த மக்கள் அங்கே இருக்கிறார்கள்.

எழுபது வளைவுகளுக்கு மேலே...

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும். மேலே போனதும் குளிர் காற்று முகத்தில் அடிக்கும். பலாவும் மிளகும் காப்பியும் விளைகிற பூமி. ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்க்கப் பலர் போயிருப்பீர்கள்.

இந்த மலையில் ஊர்களை 'நாடு' என்று சேர்த்துச் சொல்வார்கள். பைல் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திருப்புளி நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். இன்றைக்கு ஒவ்வொன்றும் ஒரு பஞ்சாயத்து. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்தான்.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு... இவைதான் இவர்களுடைய பரம்பரைச் சாப்பாடு. சாமையில் மட்டும் பெருஞ்சாமை, கருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல ரகங்கள். தினையில் செந்தினை, பெருந்தினை. ஒன்று சீக்கிரம் விளையும், இன்னொன்று மெதுவாக விளையும். ஒன்று மழை குறைந்தாலும் தாங்கும், இன்னொன்று மெலிந்த மண்ணிலும் முளைக்கும். 'இந்த வருஷம் வானம் எப்படி இருக்குமோ' என்ற கவலைக்கு, பல ரகங்களைக் கையில் வைத்திருப்பதுதான் அவர்கள் கண்ட மருந்து.

விதைக்குக் கடை கிடையாது!

சரி, இத்தனை ரகங்களுக்கும் விதை எங்கே கிடைக்கும்? கடையில் கிடைக்காது. அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பார்கள். இல்லாதவர்கள் உறவுக்காரர்களிடமோ பக்கத்துக் காட்டுக்காரரிடமோ கேட்பார்கள். வாங்கியவர் அடுத்த அறுவடையில் திருப்பித் தருவார். அளந்து வாங்கிய அதே அளவு அல்ல... அதற்கு மேலேயும் கொஞ்சம் சேர்த்து! பாட்டியின் கைப்பிடி சர்க்கரை மாதிரியே.

'சரிதான், நல்ல மனசுக்காரர்கள்' என்று சொல்லி விட்டு நகர்ந்து விடாதீர்கள். இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

உங்களிடம் அருமையான சாமை விதை ஒன்று இருக்கிறது. யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாகப் பூட்டி வைத்துக் கொள்கிறீர்கள். உங்கள் காட்டில் மட்டும் விதைக்கிறீர்கள். ஒரு வருஷம் மழை பொய்த்து விட்டால்? பன்றி புகுந்து அழித்து விட்டால்? அத்தோடு அந்த விதை போயிற்று. எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. ஆனால் அதே விதையை நாலு பேருக்குக் கொடுத்திருந்தால், உங்கள் காடு அழிந்தாலும் அந்த விதை இன்னொருவர் காட்டில் கதிர் விட்டு நிற்கும். போய்க் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்.

பூட்டி வைத்த விதைக்குப் பாதுகாப்பு இல்லை. கொடுத்த விதைக்குத்தான் பாதுகாப்பு! இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்வதென்றால், இதை வைத்துக் கொள்ளுங்கள்.

கிழங்கு வந்தது, காசு வந்தது...

எல்லாம் நன்றாகத்தான் போய்க் கொண்டிருந்தது. 1970களுக்குப் பிறகு மலைக்கு மேலே மரவள்ளி பரவ ஆரம்பித்தது. சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் 'குச்சிக்கிழங்கு' என்பார்களே, அதுதான். கீழே சமவெளியில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஃபேக்டரிகள் நிறைய. கிழங்கை லாரியில் ஏற்றி அனுப்பினால் கையில் ரொக்கம்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம்தானே வேண்டும்! இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பெண்கள்தான் அறிவார்கள். சாமையின் தோலை உரலில் குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். காட்டு வேலை முடிந்து வந்து, தோள் வலிக்க உலக்கை பிடிக்க வேண்டும். ரேஷன் அரிசி வந்ததும் 'அப்பாடா' என்றிருந்திருக்கும்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. தட்டில் வெள்ளைச் சோறு ஏறியது, சிறுதானியம் இறங்கியது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் கூடக் கிடையாது. சாமையில் உள்ள நார்ச்சத்து, தீட்டிய அரிசியில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மரவள்ளியில் மாவுச்சத்து நிறைய, புரதமோ மிகக் குறைவு. கிழங்கு விலை இறங்கிய வருஷத்தில் பணமும் இல்லை, அள்ளிப் போட்டுப் பொங்க வீட்டில் தானியமும் இல்லை.

விதைக்கிறவர்கள் குறைந்தார்கள். கேட்பவர்கள் இல்லாததால் கொடுப்பவர்களும் இல்லை. பல தலைமுறை கை மாறி வந்த ரகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின.

பரிசுப் பணம் எங்கே போனது?

இந்த நேரத்தில்தான் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைக்கு வந்தது. இந்த நிறுவனம் பிறந்த கதையே நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு 1987-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் நபர் அவர்தான். அந்தப் பணத்தை அவர் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. அதை மூலதனமாக வைத்து 1988-ல் சென்னையில் ஆரம்பித்ததுதான் இந்த நிறுவனம். 2023 செப்டம்பரில் அவர் காலமானார். பரிசுப் பணம் பங்களாவாக மாறியிருந்தால் ஒரு குடும்பத்தோடு நின்றிருக்கும்!

1990களில் தொடங்கி, இந்த நிறுவனத்தார் கொல்லிமலை மக்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை உருவாக்கினார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய வழக்கத்தையே பொதுவில் வைத்தார்கள், அவ்வளவுதான். விதை வேண்டியவர்கள் வங்கியிலிருந்து வாங்கிக் கொள்ளலாம். அறுவடை முடிந்ததும் வாங்கியதை விடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். அந்தக் கூடுதல்தான் வட்டி. அது அடுத்தவருக்கு விதையாகிறது. நிர்வாகம் ஊர்க் குழுக்களின் கையில்.

அத்தோடு விடவில்லை. உலக்கைக்குப் பதிலாகத் தோல் நீக்கும் மெஷின்கள் வந்தன. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் பாக்கெட்டாகி விற்பனைக்குப் போயின. 'தியாகம் செய்யுங்கள்' என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. தோள் வலியும் குறைய வேண்டும், கையில் காசும் வர வேண்டும், விதையும் பிழைக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இன்றும் மலையில் மரவள்ளி இருக்கிறது, பணத் தேவையும் இருக்கிறது. ஆனாலும் அந்த விதைகள் அடியோடு அழிந்து போகாமல் நின்றதற்கு, நாலு பேர் கொடுத்து வாங்கியதுதான் காரணம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை 'சர்வதேச சிறுதானிய ஆண்டு' என்று அறிவித்தபோது, கொல்லிமலைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அவர்கள் பாட்டன் காலத்துச் சாப்பாடு அல்லவா!

வெட்கப்பட்ட வள்ளல்

இந்த மலைக்குக் கொடுப்பது புதிதில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழா நடக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் ஒரு சம்பவம் சொல்கிறார். காட்டில் வந்த பாணர் கூட்டம் ஒரு வேட்டைக்காரனைச் சந்திக்கிறது. அவர்கள் பாட்டில் அரசனைப் புகழ்ந்ததும், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று அவனுக்கு வெட்கம் வந்து விடுகிறது! பிறகு உணவு கொடுத்து உபசரித்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான்.

நம் ஊர்க் கோயிலில் ட்யூப் லைட் உபயம் செய்பவர்களை நினைத்துப் பாருங்கள். 'உபயம்: இன்னார்' என்று எழுதிய எழுத்தில் வெளிச்சமே மறைந்து விடும்!

அமெரிக்காவில் ஒரு ரொசெட்டோ

'விதைக்குச் சரி... உடம்புக்கு என்ன?' என்று கேட்பீர்கள். கொல்லிமலையில் இப்படி ஓர் இருதய ஆராய்ச்சி நடந்ததாகச் சொல்ல வரவில்லை. ஆனால் கடல் தாண்டி அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில் ரொசெட்டோ என்று ஒரு சின்ன ஊர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்தார்கள். 1960களில் ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் அந்த ஊரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். பக்கத்து ஊர்களை விட அங்கே மாரடைப்புச் சாவுகள் மிகக் குறைவு. சரி, பத்தியச் சாப்பாடோ? இல்லை, கொழுப்பு தாராளம். சுருட்டும் பிடித்தார்கள். பலருக்குக் கல் குவாரியில் கடும் வேலை.

பின்னே என்னதான் காரணம்? மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். ஊருக்குள் சங்கங்கள் நிறைய. பணக்காரர் தன் பணத்தைக் காட்டிக் கொள்வது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். கஷ்டப்பட்டவரை ஊர் தாங்கியது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அடுத்த தலைமுறை கையில் பணம் வந்தது. பெரிய வீடு, சுற்றி வேலி, பெரிய கார்... பழைய வாழ்க்கை மாறியது. மாரடைப்பும் ஏறியது! 50 வருடக் கணக்கை ஒப்பிட்டு 1992-ல் வெளியான ஆய்வின்படி, ரொசெட்டோ பக்கத்து ஊரைப் போலவே ஆகி விட்டது. ஒரு சின்ன ஊரை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. நியாயம்தான். அதற்காக எண்ணெயில் நீந்தலாம் என்றும் அர்த்தமில்லை.

ஆனால் வேறு சான்றுகளும் அதே திசையில்தான் கை காட்டுகின்றன. 2008-ல் கனடாவில் ஒரு சோதனை. சிலருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்தார்கள். பாதிப் பேர் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், பாதிப் பேர் அடுத்தவருக்காக. சாயங்காலம் விசாரித்தால், அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். தொகை 5-ஆ 20-ஆ என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை!

2013-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், 51 வயதுக்கு மேற்பட்ட ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை நான்கு வருடம் கவனித்தார்கள். வருடத்தில் 200 மணி நேரமாவது பொதுச் சேவை செய்தவர்களுக்கு ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவிகிதம் குறைவாக இருந்தது. வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஆகிறது. அதே 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, 'சமூகத் தொடர்பு அறுந்து போவது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமமான ஆபத்து' என்று எச்சரித்தார். இந்திய வம்சாவளிக்காரர்!

காரணம் என்ன? 'நமக்கு ஆள் இல்லை' என்ற பயம் உடம்பை எப்போதும் உஷார் நிலையில் வைக்கிறது. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் தேவைக்கு மேல் சுரக்கின்றன. தூக்கம் கெடுகிறது, பி.பி. ஏறுகிறது. 'ஒண்ணுன்னா ஓடி வர நாலு பேர் இருக்காங்க' என்ற தைரியம் அந்த டென்ஷனைத் தணிக்கிறது. இதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தி விடாதீர்கள். மருந்தோடு சேர்ந்த மருந்து இது.

விதைநெல்லைக் கொடுத்து விடாதீர்கள்

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இது குறிப்பாக வீட்டுப் பெண்களுக்கு.

எல்லாருக்கும் சூடாகப் பரிமாறி விட்டு, மிச்சத்தை நின்றபடியே சாப்பிடும் அம்மாக்களை எனக்குத் தெரியும். மாமனாருக்கு மாத்திரை, பிள்ளைக்குப் பால், வீட்டுக்காரருக்கு டிபன்... தனக்கு ரத்த சோகை. இதைத் 'தாராளம்' என்று பாராட்டக் கூடாது. கொடுக்கிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் கொடுத்துக் கொண்டே இருந்தால், அங்கே கொடுக்கல் வாங்கல் இல்லை, சுரண்டல்தான் இருக்கிறது. விவசாயி எவ்வளவு கஷ்டத்திலும் அடுத்த விதைப்புக்கான விதையில் கை வைக்க மாட்டார். உங்கள் சாப்பாடு, தூக்கம், அவசரத்துக்கான சேமிப்பு... இவை உங்கள் விதைநெல். இதை வைத்துக் கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

அதே மாதிரி, கௌரவத்துக்காகக் கடன் வாங்கி மொய் எழுதுவதும், ஜாமீன் கையெழுத்துப் போட்டு விட்டுத் தூக்கம் இழப்பதும் ஆரோக்கியம் இல்லை. கேட்டு வாங்கக் கூச்சப்படுவதும் தவறுதான். விதை வங்கியில் வாங்குகிறவர் இல்லாவிட்டால் வங்கியே கிடையாது!

நீங்கள் செய்யலாமே!

• வாரம் ஒரு நாள், சமைத்ததில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு. சாமைப் பொங்கலாகவோ கேழ்வரகு அடையாகவோ இருந்தால் இரட்டை லாபம்.

• சர்க்கரை தீர்ந்தால் ஒரு தடவையாவது போய்க் கேளுங்கள். உங்களிடம் கேட்க அவர்களுக்கும் தைரியம் வரும்.

• ஏணி, டிரில்லிங் மெஷின், பெரிய பாத்திரங்கள்... ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக வேண்டுமா? நாலு வீட்டுக்கு ஒன்று போதும்.

• தொட்டியில் வளர்த்த கீரை, அவரை விதையைப் பொட்டலம் கட்டி நாலு பேருக்குக் கொடுங்கள். குழந்தைகள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

• தனியாக இருக்கும் பெரியவரை வாரம் ஒரு முறை பாருங்கள். அரை மணி நேரம் பேசினால் போதும். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால் இன்னும் நல்லது.

• ரத்த வகையையும் அவசர போன் நம்பரையும் அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டோடு பகிர்ந்து கொள்ளுங்கள். நெஞ்சு வலி என்றால் முதலில் 108-க்கு போன். அதே நேரத்தில் பக்கத்துக் கதவையும் தட்டுங்கள்.

• கொடுத்ததைக் கணக்கு எழுதாதீர்கள், அடுத்தவரிடம் சொல்லிக் காட்டாதீர்கள். ஓரி மாதிரி கொஞ்சம் வெட்கப்படுங்கள்!

பணம் வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. கொல்லிமலைக்காரர்களுக்கும் பணம் வேண்டித்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் பணத்தால் வாங்க ஆரம்பித்த பிறகு, வாங்க முடியாத ஒன்று கையை விட்டு நழுவுவதை அவர்கள் பார்த்தார்கள். நல்ல வேளையாக, முழுதாக நழுவுவதற்குள் பிடித்துக் கொண்டார்கள்.

நாமும் பிடித்துக் கொள்ளலாம். உங்கள் சமையலறை அலமாரியில் தேடிப் பாருங்கள். எப்போதோ பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு டிபன் பாக்ஸோ கிண்ணமோ திருப்பித் தர மறந்து உட்கார்ந்திருக்கும். இன்றைக்கே எடுத்துப் போய்க் கொடுங்கள்.

வெறும் பாத்திரமாக வேண்டாம்... ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு!